‘கெட்ட ரத்தம்’ என்று சொன்னது யார்?

கேள்வி: என் 14 வயது மகளுக்குப் போன வருஷம் காதின் மேல்பக்கம் இரண்டாவது துளை போட்டோம். அந்த இடத்தில் தழும்பு வளர்ந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது; அரிப்பும் இருக்கிறது. டாக்டர் ‘கெலாய்டு’ என்கிறார். மாமியார் ‘கெட்ட ரத்தம், உன் வீட்டு வழி’ என்கிறார். வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? – ஒரு வாசகி, விருதுநகர்.

பதில்: வெட்டுவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் ‘கெட்ட ரத்தம்’. இந்தப் பக்கத்தில் நான் பல தடவை சண்டை போட்ட சொல் அது. முகப்பரு வந்தால் கெட்ட ரத்தம், கட்டி வந்தால் கெட்ட ரத்தம், பெண் பார்க்க வந்த இடத்தில் தேமல் தெரிந்தால் அதுவும் கெட்ட ரத்தம். மகளின் தோலில் எது தெரிந்தாலும் பெற்றவளைக் கூண்டில் ஏற்ற இந்த இரண்டு சொல் போதும். உங்கள் மகளின் ரத்தத்தில் ஒரு கெடுதலும் இல்லை அம்மா.

பெயரே பயமுறுத்துவது இந்த நோய்க்குப் பழக்கம்தான். 1806இல் பாரிஸ் தோல் மருத்துவர் அலிபேர் இதை விவரித்தபோது ‘புற்றுநோய் போன்றது’ என்ற பொருளில் பெயர் வைத்தார். இது புற்றுநோய் அல்ல, மக்கள் குழம்புவார்கள் என்று சில வருஷத்தில் அவரே அதை மாற்றினார். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான் ‘கெலாய்டு’. சாதாரணத் தடித்த தழும்பு, காயம் பட்ட எல்லைக்குள் நின்றுவிடும். இது எல்லை தாண்டிப் போய்ப் பக்கத்து நல்ல தோலைக் கவ்வும். தான் வைத்த பெயரைத் தானே திருத்திய அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, அந்த அரிப்பு எதனால்? காயம் பட்டதும் அந்த இடம் சிவந்து வீங்குவது உடம்பு செய்யும் பழுதுபார்ப்பு வேலை. சில வாரங்களில் அது அடங்க வேண்டும். கெலாய்டில் தோலின் ஆழமான அடுக்கில் அந்த அழற்சி அடங்குவதே இல்லை. ‘இன்னும் கட்டு, இன்னும் கட்டு’ என்ற சேதி போய்க்கொண்டே இருப்பதால், அங்குள்ள செல்கள் கொலாஜன் நாரை அளவில்லாமல் நெய்து தள்ளுகின்றன. ஓரம் சிவந்து அரித்தால் உள்ளே வேலை நிற்கவில்லை என்று பொருள். நெஞ்சிலும் தோளிலும் தோல் எப்போதும் இழுபடுவதால் அங்கே இது அதிகம். கண் இமையில் மிக அபூர்வம்.

‘உன் வீட்டு வழி’ என்றதில் பாதி உண்மை. கெலாய்டு குடும்பத்தில் ஓடும். 2001இல் வெளியான ஓர் ஆய்வு 14 குடும்பங்களைப் பார்த்தது. அவற்றில் 96 பேருக்குக் கெலாய்டு. பெற்றோரில் ஒருவர் கொடுத்தாலே போதும் என்ற வகையில் அது இறங்கியிருந்தது. ஆனால் 7 பேர் அந்த மரபைச் சுமந்து பிள்ளைக்குக் கொடுத்தும், அவர்கள் உடம்பில் ஒரு கெலாய்டுகூட இல்லை. 2010இல் ஜப்பானியர்கள் மரபணுத் தொகுப்பில் மூன்று பகுதிகளை இதோடு தொடர்புபடுத்தினார்கள். அப்பன் வழியா அம்மா வழியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இங்கே ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. ‘கறுப்புத் தோலின் குறை இது’ என்று முன்பு ஒரு வாசகர் எழுதி, நான் கோபமாகப் பதில் போட்டேன். கறுத்த தோலுள்ள மக்களிடம் இது அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவில் நிறமி இல்லாமல் பிறந்தவர்களைப் பரிசோதித்தபோது அவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவில் கெலாய்டு இருந்தது. நிறத்தின் மேல் பழி போட்டது தவறு. அந்தக் கோபத்தை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெறுமனே வெட்டாதீர்கள். வெட்டு என்பது இன்னொரு காயம்; அதோடு விட்டால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும், முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம். தோல் மருத்துவரிடம் போங்கள். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கான் பட்டை, காதை அழுத்தும் கம்மல் என்று வழிகள் உண்டு. வெட்டியே ஆக வேண்டுமென்றால் வெட்டியபின் ஊசியோ கதிர்வீச்சோ சேர்த்துத்தான். கம்பி காய்ச்சிச் சுடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

என் பாட்டிக்குக் காது தோள் வரை தொங்கும். தண்டட்டி போட்ட காது. கைக்குழந்தையிலேயே குத்தி வளர்த்தது. 2005இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்வு, 11 வயதுக்குப் பிறகு காது குத்தியவர்களுக்கே கெலாய்டு கூடுதல் என்றது. பாட்டியின் அந்த மெத்தென்ற காதைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன் நான். அதைப் படித்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது.

இனி உங்கள் மகளுக்கு மூன்றாவது துளை வேண்டாம். உங்கள் மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: சின்ன வயதில் கையில் அம்மை குத்திய தழும்பு அவருக்கு எப்படி இருக்கிறது? புடைத்துப் படர்ந்திருந்தால், டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.