பதினெட்டாம் தெருவின் சுவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிகாகோவின் பில்சன் பகுதியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மெக்சிகோக்காரர்கள் பிழைக்கப் போன நாட்டில் தனியாக ஒரு மெக்சிகோவை உண்டாக்கி, சுவரெல்லாம் பழைய ஊரை வரைந்துவைத்து அதற்குள்ளேயே வாழ்வது, அந்த நாட்டோடு ஒட்ட மறுப்பதாகாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆகாது. அந்தப் பேட்டைக்குப் பெயர் வைத்தவர்களே மெக்சிகோக்காரர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய செக் மக்கள் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவர்களை இன்று யாரும் ஒட்டாதவர்கள் என்பதில்லை.

மெக்சிகோக்காரர்களில் பலர் அங்கே விரும்பி வரவில்லை. சற்று வடக்கே அவர்கள் வாழ்ந்த தெருக்கள் இடிக்கப்பட்டு, 1965இல் இல்லினாய் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. வீடிழந்தவர்கள் மூட்டையோடு பில்சனுக்கு நகர்ந்தார்கள். வந்தவர்கள் போராடிக் கேட்டது என்ன தெரியுமா? பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி. தாய்மார்கள் முன்னின்று போராடியதன் பலனாக, 1977இல் மெக்சிகோவின் பழைய அதிபர் பெனிடோ ஹுவாரெஸ் பெயரில் அது திறக்கப்பட்டது. ஒட்ட விரும்பாதவர்கள் அந்நாட்டு அரசிடம் பள்ளிக்கூடம் கேட்டுத் தெருவில் நிற்பார்களா?

பில்சனின் பதினெட்டாம் தெரு ரயில் நிலையத்தில் படிக்கட்டு வரைக்கும் ஓவியம். வெளியே வந்தால் காலைக் குளிரில் ஒரு பெண் தமாலே விற்றுக்கொண்டிருந்தார். சோளமாவுக்குள் காரமான பன்றியிறைச்சி வைத்து, சோளக்கதிரின் காய்ந்த தோலில் சுற்றி அவித்தது. மூடியைத் திறந்ததும் ஆவி அவர் முகத்தை மறைத்தது. “பச்சையா, சிவப்பா?” என்றுதான் கேட்டார், மிளகாய்ச் சாற்றின் நிறத்தைச் சொல்கிறார். வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கி, உறையைப் பிரித்தபடியே நடந்தார்கள். நாட்டோடு ஒட்டுவதற்கு இவர்கள் இன்னும் என்ன செய்யவேண்டும்?

என்னை வருத்துவது வேறொன்று. காசா அஸ்த்லான் என்ற சமூக மையத்தின் முகப்பில் 1970களிலிருந்து இருந்த ஓவியங்களை, கட்டடத்தை வாங்கியவர்கள் 2017இல் சாம்பல் நிறம் பூசி அழித்தார்கள். ஊரே கொதித்தெழுந்தது. அதே ஆண்டு, முதலில் வரைந்த ஓவியர் ரே பட்லான் திரும்பி வந்து அதே சுவரில் மறுபடி வரைந்தார். சுவர் மீண்டுவிட்டது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பவை இப்போது வாடகைக் குடியிருப்புகள். அந்த வாடகையைக் கொடுக்கும் சக்தி பேட்டையின் பழைய குடும்பங்கள் பலவற்றுக்கு இல்லை.

அன்புடன்.