நிரலின் முதல் வரிக்கு முன்பே வரும் பிழை 217

கேள்வி: டெல்பி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய எங்கள் கணக்கு நிரலில், அச்சிடுவதற்கான புதிய யூனிட் (நிரலின் தனிக் கோப்பு) ஒன்றை, பயன்படுத்தும் யூனிட்டுகளைக் குறிக்கும் யூசஸ் பட்டியலின் மேலே சேர்த்தோம். அன்றிலிருந்து திரை தோன்றும் முன்பே 'ரன்டைம் எரர் 217' என்று நின்றுவிடுகிறது. புதிய யூனிட்டில், நிரல் தொடங்கும்போது தானாக ஓடும் இனிஷியலைசேஷன் பகுதியே இல்லை. பிழை எங்கே?

பதில்: புதிய யூனிட்டில் தேட வேண்டாம். நீங்கள் அனுப்பிய நிரலில் அமைப்பு யூனிட்டும் (பதிவுக் கோப்பின் பெயர் போன்ற அமைப்புகளைத் தருவது) பதிவு யூனிட்டும் (நடப்பவற்றைக் கோப்பில் எழுதுவது) ஒன்றையொன்று யூசஸில் சேர்த்திருக்கின்றன, கோளாறு அங்கேதான். ஒரு யூனிட்டின் இனிஷியலைசேஷன் ஓடுவதற்கு முன், அது சார்ந்திருக்கும் யூனிட்டுகளுடையது ஓடி முடிய வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் இதற்கு வழியில்லை என்பதால், முதலில் தொடப்படுவது காத்திருக்க, மற்றது முந்திக்கொள்ளும். இதுவரை பட்டியலில் பதிவு முன்னே இருந்ததால், அமைப்பு சரியாக முதலில் ஓடியது. அச்சு யூனிட் அமைப்பை நாடுவதால் இப்போது அமைப்பு முதலில் தொடப்படுகிறது. பதிவு முந்திக்கொண்டு, கோப்பின் பெயர் இன்னும் வெறுமையாக இருக்கும்போதே கோப்பைத் திறக்கப் போய்ச் சிக்கிக்கொள்கிறது.

இரண்டு பக்கமும் இன்டர்ஃபேஸ் பகுதியில் (யூனிட் வெளியே காட்டும் பகுதி) இந்தச் சுழற்சி இருந்தால் ஏற்க மறுக்கும் கம்பைலர், இம்ப்ளிமென்டேஷன் பகுதியில் (உள்ளே செயல்படும் பகுதி) இருந்தால் ஓர் எச்சரிக்கைகூடத் தருவதில்லை. கடைசியில் நம் கைக்கு வருவது ஒரு முகவரி எண் மட்டுமே. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதுதான் நிலை என்பது எரிச்சலூட்டுகிறது.

இந்த இடத்தில்தான் 'சரிசெய்து தருகிறேன்' என்று வருபவர்களிடம் எச்சரிக்கை தேவை. பட்டியலில் பெயர்களை மேலும் கீழும் நகர்த்தி, நிரல் ஓடியவுடன் கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த யூனிட்டைச் சேர்க்கும் நாளில் அதே பிழை திரும்ப வரும். என்ன மாற்றினார் என்று எழுத்தில் தராதவருக்குப் பணம் தர வேண்டாம்.

வரிசையை நம்பியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: நிரலுக்கு நினைவகத்தை ஒதுக்கி விடுவிக்கும் நினைவக மேலாளர். ஷேர்மெம் போன்ற நினைவக மேலாளர் யூனிட், பிராஜெக்ட் கோப்பின் (பிரதான நிரல் உள்ள கோப்பு) யூசஸ் பட்டியலில் முதலாவதாகவே இருக்க வேண்டும். ஏதோ ஒரு யூனிட்டின் பட்டியலில் முதலாவதாக இருந்தால் போதாது. அதற்கு முன் வேறொரு யூனிட் நினைவகம் கேட்டுவிட்டால், ஒரு மேலாளர் கொடுத்ததை இன்னொரு மேலாளர் விடுவிக்க நேரும். யூனிக்ஸில் ஃப்ரீ பாஸ்கல் (டெல்பியை ஒத்த இலவசக் கம்பைலர்) பயன்படுத்துவோர், த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) தேவைப்பட்டால் அதற்கான சித்ரெட்ஸ் யூனிட்டையும் முன்னே வைக்கிறார்கள்; நினைவக மேலாளரான சிமெம் இருந்தால் அது அதற்கும் முன்னே. ஆகவே பட்டியலைச் சீரமைக்கும்போது இந்தப் பெயர்களைத் தொடக் கூடாது.

உங்களுக்கான தீர்வு சிறியது: பதிவின் இனிஷியலைசேஷனில் உள்ள கோப்புத் திறப்பை ஒரு புரொசீஜராக மாற்றி, பிரதான நிரலின் பிகினுக்கு அடுத்த வரியில் நீங்களே அழையுங்கள்.