43 வயதில் பழைய கிடாரை எடுத்துக் கற்றுக்கொள்ளலாமா? விரல் எரிகிறதே?

கேட்டவர் சொல்வது சுருக்கமாக இதுதான். வயது 43, ஊர் சென்னை. மகனுக்கு வாங்கிக் கொடுத்த கிடார் சில வருடங்களாகப் பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, யூடியூப் பார்த்துத் தொடங்கியிருக்கிறார். விரல்நுனி எரிகிறது, ஒரு கார்ட் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) கூடச் சுத்தமாகக் கேட்கவில்லை. "வயசாயிடுச்சா, இல்ல எனக்குக் காதே இல்லையா?" என்கிறார். இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கிடாரை எப்படி வைத்துக்கொள்வது என்றும் கேட்கிறார்.

வயதும் காரணமில்லை, காதும் காரணமில்லை. முதலில் கிடாரைப் பாருங்கள். நானும் நாற்பதைத் தாண்டித்தான் தொடங்கினேன். அதற்கப்புறம், "எனக்கு வரல" என்று விட்டுவிட்ட என் வயதுக்காரர்களின் கிடாரை வாங்கிப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பெரும்பாலும் அவை நன்றாக வாசிப்பவருக்கே கை வலிக்கும் கிடார்கள்.

ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். தந்திகள் துருப்பிடித்திருந்தால் முதலில் புது செட் மாற்றுங்கள். துருப்பிடித்ததை முறுக்கினால் அறுந்து முகத்தில் அடிக்கும். ஆறு தந்தியையும் டியூனர் வைத்து ஸ்ருதிக்குக் கொண்டு வாருங்கள்: தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகள்தான் ஃப்ரெட். அப்புறம் தலைப்பக்கத்திலிருந்து எண்ணி 12வது ஃப்ரெட்டின் மேல், தடித்த தந்திக்கு அடியில், ஏடிஎம் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள். எழுத்து புடைத்திராத அட்டையின் கனம் 0.76 மி.மீ. மூன்று அட்டையில் தந்தியைத் தொட்டுவிட்டால் ஏறக்குறைய 2.3 மி.மீ.; ஸ்டீல் தந்திக் கிடாருக்கு அது நல்ல உயரம். நாலைந்து அட்டை தாராளமாக நுழைகிறது என்றால், விரல் எரிவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. நைலான் தந்திக் கிடார் என்றால் 4 மி.மீ. வரை இயல்புதான், பயப்பட வேண்டாம். இந்த உயரத்தைத்தான் கிடார்க்காரர்கள் ஆக்‌ஷன் என்கிறார்கள்.

ஆக்‌ஷன் கூடினால் அழுத்த அதிக வலு வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். இன்னொரு கெடுதலைப் பலர் கவனிப்பதில்லை. தந்தியை அவ்வளவு தூரம் கீழே அழுத்தும்போது அது இழுபட்டு ஸ்ருதி ஏறிவிடுகிறது. ஒரு கார்டில் சில தந்திகளை விரல் வைக்காமல் அப்படியே விடுகிறோம், சிலவற்றை அழுத்துகிறோம். விட்டவை சரியாக ஒலிக்கும், அழுத்தியவை லேசாகக் கூடி ஒலிக்கும். மொத்தத்தில் அபஸ்வரம். உங்கள் காது ஒழுங்காக வேலை செய்வதால்தான் அது உறுத்துகிறது.

அடுத்தது, முதல் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி அதே கார்ட்களை வாசித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் கோளாறு நட்டில் இருக்கிறது. கிடாரின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்ன வெள்ளைத் துண்டுதான் நட். அதிலுள்ள பள்ளங்கள் போதுமான ஆழம் இல்லாவிட்டால், ஆரம்பத்தில் கற்றுத்தரும் கார்ட்கள்தான் அதிகம் அடி வாங்கும், ஏனென்றால் அவை எல்லாமே முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் இருப்பவை. தொடங்குபவர்களை மிரட்டும் எஃப் கார்டுக்கு இருக்கும் கெட்ட பெயரில் பாதி இந்த நட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது.

சரி செய்வது பெரிய விஷயமில்லை, ஆனால் வரிசை முக்கியம். முதலில் கழுத்து. ஆறாவது தந்தியை, அதாவது தடித்ததை, முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில், அதாவது ஏழாவது ஃப்ரெட் பக்கம், இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை எல் சாவியால் கால் சுற்று இறுக்குவார்கள். அடுத்தது சேடில்: கிடாரின் உடலில் தந்திகள் கட்டியிருக்கும் மரத்துண்டான பிரிட்ஜில் நின்று தந்திகளைத் தாங்கும் வெள்ளைத் துண்டு. 12வது ஃப்ரெட் தந்தியின் சரிபாதி என்பதால், அங்கே 1 மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். கடைசியாக நட். ஆழமாக அறுத்துவிட்டால் அதைத் திரும்ப நிரப்புவது தொல்லை. மூன்றையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கை வைக்கும் வேலையை ரிப்பேர் செய்பவரிடம் விட்டுவிடுங்கள். கடையில் 'செட்டப்' என்று கேட்டால் புரியும். புதுக் கிடாருக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான் ஆகும். பல ஆயிரம் கொடுத்து இன்னொரு கிடார் வாங்கி, அதையும் செட்டப் செய்யாமல் வாசிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பரணில் இருந்த கிடார் என்பதால், கடைக்குக் கொண்டு போகும் முன் இன்னும் சிலதைப் பாருங்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் மே மாதத்தில் என்ன சூடு சுடும் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சூட்டில் பசை இளகி, பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஒரு காகித முனையை அங்கே செருகிப் பாருங்கள். உள்ளே போனால், பிரிட்ஜை எடுத்துத் திரும்ப ஒட்டும் வரை தந்தியை முறுக்க வேண்டாம். தட்டினால் மரத்தூள் உதிர்கிறதா என்றும், ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் உள்ளே குறுக்குக்கட்டை ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். கரப்பான் முட்டையும் கிடைக்கலாம். முறுக்காணி இறுகியிருந்தால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும்.

தந்தி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நைலான் தந்திக்கென்று செய்த கிளாசிக்கல் கிடாரில் ஸ்டீல் தந்தி மாட்டவே கூடாது. ஆறு நைலான் தந்தியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும் என்றால், வழக்கமான ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். உங்களுடையது ஸ்டீல் கிடார் என்றால் கடையில் கொடுக்கும் 12 செட்டுக்குப் பதிலாக 10 அல்லது 11 கேட்டு வாங்குங்கள். இது முதல் தந்தியின், அதாவது மிக மெல்லியதன் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. மெல்லிய செட்டில் ஓசை கொஞ்சம் குறையும், விரல் பிழைக்கும். இன்னொரு தந்திரம்: ஆறு தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி டியூன் செய்து, இரண்டாவது ஃப்ரெட்டில் காப்போ போடுங்கள். ஸ்ருதி பழையபடியே இருக்கும், தந்தியோ மெத்தென்று இருக்கும். உயரமான நட்டின் தொல்லையும் அதோடு போய்விடும்.

இனி விரல். மூன்று நான்கு வாரத்தில் நுனித் தோல் தடிக்கும், எந்த வயதிலும் தடிக்கும். தினம் பதினைந்து இருபது நிமிடம் வாசித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கொப்புளம்தான் மிச்சம். குளித்த உடனேயும் பாத்திரம் கழுவிய உடனேயும் வாசிக்காதீர்கள், ஊறிய தோல் கிழியும். விரலை இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைக்காமல், கிடாரின் உடல் பக்கம் இருக்கும் ஃப்ரெட் கம்பியை ஒட்டினாற்போல் வைத்தால் பாதி வலுவிலேயே சத்தம் சுத்தமாக வரும். சோஃபாவில் உட்கார வேண்டாம், கை இல்லாத சாப்பாட்டு மேஜை நாற்காலி நல்லது. நுனி எரிவது வேறு, மணிக்கட்டு வலிப்பதும் விரல் மரத்துப்போவதும் வேறு. பின்னது வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஸ்டீல் தந்தியைத் தொடும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எதைக் கற்பது? ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி. இந்த ஐந்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடுமாறாமல் மாற்றுவதுதான் முதல் சில மாத வேலை, வேறொன்றும் இல்லை. இடது கை தடுமாறினாலும் வலது கை நிற்கக் கூடாது. கார்ட் தப்பினால் தப்பட்டும், தாளம் தப்ப வேண்டாம். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் பாடங்கள் எடுத்த எடுப்பில் நாலு நடையில் ஒரு ஸ்ட்ரம்மிங் (வலது கையால் தந்திகளை அடிக்கும் முறை) சொல்லிக் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டுக்கு வந்தால் பாதிப் பாட்டில் ஒட்டவே ஒட்டாது, ஏனென்றால் நம் திரைப்பாட்டுகளில் ஏராளமானவை ஆறெட்டு நடை. வாயால் "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு 'த'வுக்கும் மட்டும் கீழ்நோக்கி ஒரு அடி அடியுங்கள். அது கையில் படிந்ததும் நடுவில் உள்ளதை நிரப்பலாம்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர் என்றால் உங்களுக்கு நல்ல ஆரம்பம் இருக்கிறது. ஒரு ஃப்ரெட் ஒரு ஸ்வரஸ்தானம், பன்னிரண்டு தாண்டினால் மேல் ஸ்தாயி. மேஜர் கார்ட் என்பது ஷட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம். காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். காப்போவும் கட்டைக் கணக்கில்தான் எனக்குப் புரிந்தது. சி வடிவங்களில் வாசித்தால் 1 கட்டை. காப்போ இரண்டில் வைத்தால் 2 கட்டை. ஜி வடிவங்களில் அப்படியே வாசித்தால் 5 கட்டை, காப்போ ஒன்றில் ஐந்தரை, இரண்டில் 6. வீட்டில் யார் பாடினாலும் அவர் ஸ்ருதிக்குக் காப்போவைத் தள்ளிக்கொண்டால் போதும், புதுக் கார்ட் எதுவும் கற்க வேண்டாம்.

இப்போது பராமரிப்பு. கிடாருக்குப் பிடித்த காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் பல மாதங்கள் அது 70-ஐத் தாண்டி நிற்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும்போது மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக வீங்கி ஆக்‌ஷனைத் தூக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கிடார் திடீரென்று கடினமாகத் தோன்றினால் அதுதான். அதற்கு நேர்மாறு, இரவு முழுவதும் ஏசி ஓடும் அறை: மரம் வற்றி, ஃப்ரெட் கம்பிகளின் முனை ஓரத்தில் கையைக் கீறும். இரண்டுக்கும் நடுவில் தினமும் அலைய விடுவதுதான் மோசம். அதனால் ஏசி இல்லாத அறையில், மழைபடும் வெளிச்சுவரில் சாய்க்காமல் வையுங்கள். அடைமழை நாட்களில் பையில் போட்டு உள்ளே சிலிக்கா ஜெல் வைக்கலாம். மற்ற நாட்களில் ஸ்டாண்டில் வெளியே நிற்கட்டும். பையில் பூட்டி வைத்தால் கிடாருக்கு நல்லதுதான், ஆனால் அதை எடுத்து ஜிப்பைத் திறக்கும் சோம்பலிலேயே நடுவயதுக்காரர் பலரின் வாசிப்பு நின்றுபோகிறது. எது முக்கியம் என்று கேட்டால், நான் ஸ்டாண்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

"சாலிட் டாப் வாங்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒற்றைப் பலகை நாதம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஈரத்துக்கு அதுதான் அதிகம் ஆடும். ஒட்டுப்பலகைக் கிடார் நம் கடற்கரை ஊரில் முதல் சில வருடங்களுக்கு நிம்மதி. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தந்தியைக் கொல்வது நம் வியர்வை. வாசிக்கும் முன் கை கழுவித் துடையுங்கள், முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள். அப்படியும் ஓசை மங்கி, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது ஃப்ரெட் கம்பிகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டைத் துடைத்து, அது ஈட்டி மரமாக இருந்தால் கிடாருக்கென்று விற்கும் லெமன் ஆயில் சில சொட்டு, வருடத்துக்கு இரண்டு முறை. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். (அந்த ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது. பிரேசில் மரம் கிடைப்பது சிக்கலானபோது, 1969-ல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியே இந்திய ஈட்டிக்கு மாறியது.) தினம் வாசித்து முடித்துத் தந்தியைத் தளர்த்த வேண்டியதில்லை, மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் மட்டும் ஓரிரு ஸ்வரம் இறக்கி வையுங்கள்.

ஆசிரியர் வேண்டுமா என்றால், முதல் சில மாதமாவது வேண்டும். மணிக்கட்டு வளைவதையும் தோள் இறுகுவதையும் வீடியோ சொல்லாது. ஜஸ்டின் கிடார் தளத்தில் பாடங்கள் இலவசமாகவும் ஒழுங்காகவும் இருக்கின்றன, வீட்டுப் பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் முதல் நாளே, கிரேடு தேர்வு வேண்டாம், பாடுகிறவருக்குப் பின்னால் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். வாசித்துப் பார்க்கச் சொல்லி உங்கள் கிடாரையும் அவர் கையில் கொடுங்கள். அதை வாங்கிப் பார்க்காமலேயே பாடத்தைத் தொடங்குகிறவர் என்றால் வேறு ஆளைத் தேடலாம்.