பாலைவனத்துக்குக் கம்பளி எதற்கு?

கேள்வி: என் மகன் டிசம்பரில் சவுதிக்கு வேலைக்குப் போகிறான். ருப் அல் காலி பாலைவனத்தில் எண்ணெய் வயல் கேம்ப். கம்பளி கொடுத்தனுப்பச் சொல்கிறார்கள். கொதிக்கிற மணலில் கம்பளி எதற்கு, ஐயா?
– ஒரு வாசகி, பெரம்பலூர்

பதில்: கட்டாயம் கொடுத்தனுப்புங்கள் அம்மா. அங்கே நான் 11 வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டினேன். முதல் டிசம்பரில் மெல்லிய போர்வை ஒன்றோடு போய், விடிய விடிய வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் உண்டு. பகலில் தரை வாங்கிய சூட்டை இரவில் அது சட்டென்று வெளியேற விடாது. அங்கே காற்றும் காய்ந்தது, மேகமும் கிடையாது. பொழுது சாய்ந்ததும் மணல் வேகமாக ஆறிவிடும். குளிர்கால விடியற்காலையில் 10 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. ஆனால் வருடம் முழுக்க அப்படி இல்லை. ஜூலையில் பகல் 50 டிகிரியை நெருங்கும், இரவிலும் புழுங்கும். அப்போது கம்பளி பெட்டியில்தான்.

'காலி' என்பது நாம் சொல்லும் அதே காலிதான், அரபுச் சொல். சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல 5 மடங்கு. எல்லாம் மணல் என்று நினைத்துவிடாதீர்கள். செக்கச்செவேலென்ற மணல் மலைகள், சில 250 மீட்டர் உயரம். அவற்றுக்கு நடுவே சிமென்ட் தளம் போல வெளுத்துக் கிடப்பது சப்கா, உப்புத் தரை. மேலே கெட்டியான ஓடு, கீழே சேறு. என் டேங்கர் ஒருமுறை அதில் அச்சுவரை புதைந்து, இழுத்து வெளியே எடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. மணல் என்றால் டயரில் காற்றைக் குறைத்து ஏறிவிடலாம். சப்காவில் அது பலிக்காது. மகனுக்கு ஓட்டுநர் வேலை என்றால் இதை அவசியம் சொல்லுங்கள்.

மழை வருடத்துக்கு 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனால் 2018 மே மாதம் மெகுனு புயல் ஓமனில் கரை கடந்தபோது, மணல் மலைகளுக்கு இடையே ஏரி ஏரியாகத் தண்ணீர் நின்றது. எல்லைப் பக்கம் லோடு கொண்டுபோன நான் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தேன். அத்தனை வருடம் அந்த மண்ணுக்குத் தண்ணீர் சுமந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அங்கே பச்சை முளைத்தது, பின்னாலேயே வெட்டுக்கிளியும் பெருகியது.

அப்புறம், இரண்டு பருத்தித் துண்டும் வையுங்கள். ஷமால் காற்று மணலை வாரி அடிக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.