ஆட்டோபைலட் ஓட்டும்போது விமானிகள் என்னதான் செய்கிறார்கள்? இரண்டு பேர் எதற்கு?

விமானம் மேலே ஏறிய சில நிமிடங்களிலேயே ஆட்டோபைலட்டைப் போட்டுவிடுகிறார்களே, அப்புறம் இரண்டு பேர் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக யாரோ ஒரு விமானி வீடியோவில் காபி குடிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. என் சித்தப்பாவே ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "எல்லாம் மெஷின்தானே ஓட்டுது, உனக்கு எதுக்குடா இவ்வளவு சம்பளம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டு வருடங்களாக ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன், இப்போது கேப்டன். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். போயிங் ஓட்டுபவர்கள் சில விஷயங்கள் தங்கள் விமானத்தில் வேறு மாதிரி என்பார்கள், அது உண்மைதான். இன்னொன்று, நான் ஆட்டோமேஷனுக்கு எதிரி கிடையாது. அது வந்தபின் விமானப் பயணம் பாதுகாப்பாகியிருக்கிறது. களைத்துப்போன இரவில் என் கையைவிட அது சீராக ஓட்டும்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் ஓட்டுபவர், இன்னொருவர் கண்காணிப்பவர். முன்பெல்லாம் இரண்டாமவரை 'ஓட்டாத விமானி' என்றுதான் சொன்னார்கள். ஓட்டாதவர் என்றால் சும்மா இருப்பவர் என்று ஆகிவிடுவதால் 'பைலட் மானிட்டரிங்' என்று மாற்றினார்கள். கேப்டனும் ஃபர்ஸ்ட் ஆபீசரும் (துணை விமானி) பயணத்துக்குப் பயணம் இதை மாற்றிக்கொள்வோம்.

எதைக் கண்காணிப்பது? எங்கள் முன்னால் இருக்கும் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. எஃப்.எம்.ஏ. என்போம். எஞ்சின் எந்த மோடில் (இயங்கும் முறையில்) இருக்கிறது, ஏறுவது இறங்குவது எந்த மோடில், பாதை எந்த மோடில் என்பதெல்லாம் இரண்டு மூன்று எழுத்துகளில் அங்கே இருக்கும். மோட் மாறினால் அந்த எழுத்தைச் சுற்றிப் பத்து விநாடி ஒரு வெள்ளைக் கட்டம் வரும். பத்து விநாடிதான். அதனால் மாறியவுடன் ஓட்டுபவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஏர்பஸ்ஸில் எஞ்சின் சக்தியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்ட் வேலை செய்யும்போது எஞ்சின் லீவர்கள் நகராது. எஞ்சின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த சக்திக்கு, போனாலும் லீவர் போட்ட இடத்திலேயே இருக்கும். கைக்கு எதுவும் தெரியாது, கண்தான் பார்க்க வேண்டும்.

இதைக் கவனிக்காவிட்டால் விலை என்ன என்பது நம் நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1990 பிப்ரவரி 14 அன்று, மும்பையிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 ஓடுபாதைக்கு முன்பே ஒரு கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ஏ320 நம் நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விமானம் 'ஓப்பன் டிசென்ட்' என்ற மோடில் இருந்தது. அந்த மோடில் எஞ்சின் ஐடிலிலேயே நிற்கும், வேகத்தைக் காப்பாற்ற சக்தியைக் கூட்டாது. தரையிறங்கப் போகும் நேரத்தில் இருக்கக் கூடாத மோட் அது. வேகம் குறைந்துகொண்டே போனது, கவனித்தபோது நேரம் இல்லை. 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 214-க்கும் கிட்டத்தட்ட இதே கதை. அது போயிங் 777. ஆட்டோ த்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள், அது 'ஹோல்ட்' மோடில் சும்மா இருந்தது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை இறங்கியது. காக்பிட்டில் மூன்று விமானிகள் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம், எனக்கே நடந்திருக்கிறது.

அப்போது நான் ஃபர்ஸ்ட் ஆபீசர். இரவு நேரம், அன்றைய நான்காவது பயணம். எந்த ஊர் என்பது வேண்டாம். கேப்டன் கும்பகோணம் பக்கத்துக்காரர், பதினைந்தாயிரம் மணி நேரம் பறந்தவர், எனக்கு அவர்மேல் பக்தியே உண்டு. அவர் ஓட்டுகிறார், நான் கண்காணிக்கிறேன். 5,000 அடி வரை இறங்க அனுமதி. ஆனால் வழியில் ஒரு புள்ளியை 7,000 அடிக்குக் கீழே கடக்கக் கூடாது, ஏனென்றால் அதன் கீழே கிளம்பிப் போகும் விமானங்கள் 6,000-இல் குறுக்கே போகும். டி.இ.எஸ். என்ற மோடில், அதாவது கம்ப்யூட்டரில் போட்டுவைத்த பாதைப்படி, இறங்கினால் விமானமே அந்த 7,000-ஐ மதித்து நிற்கும்.

நடுவில் கட்டுப்பாட்டறை, முன்னால் போகும் விமானத்துக்காக எங்களைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொன்னது. கேப்டன் ஹெடிங் (திசை) குமிழை இழுத்தார். பாதையை விட்டு ஹெடிங்குக்குப் போனால் டி.இ.எஸ். தானாகவே கழன்று வி.எஸ். ஆகிவிடும். வி.எஸ். என்பது நிமிடத்துக்கு இத்தனை அடி என்று இறங்கிக்கொண்டே போகும், நடுவில் இருக்கும் 7,000 அதற்குத் தெரியாது. இரண்டு நிமிடத்தில் மறுபடி அந்தப் புள்ளிக்கே நேராகப் போகச் சொன்னார்கள். பாதை திரும்ப வந்தது. உயரத்தின் குமிழையும் ஒரு முறை அழுத்தியிருந்தால் டி.இ.எஸ். வந்திருக்கும். அவர் அழுத்தவில்லை. நான் அந்த நேரம் இரண்டாவது ரேடியோவில், இறங்கியதும் எத்தனை சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்துத் திரையைப் பார்த்தேன். வி.எஸ்., நிமிடத்துக்கு 1,800 அடி. உயரம் 8,400. புள்ளிக்கு இன்னும் 9 மைல். கணக்குப் போட ஒரு விநாடிகூட ஆகவில்லை.

ஆனால் நான் உடனே சொல்லவில்லை. இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும், வேண்டுமென்றே வைத்திருப்பார், கடைசியில் சரி செய்வார், நான் சொன்னால் பாடம் எடுப்பது மாதிரி இருக்குமே என்று மனசு ஓடியது. திரையில் எங்களுக்குக் கீழே ஒரு வெள்ளை வைர அடையாளம், அதாவது இன்னொரு விமானம், குறுக்கே வந்துகொண்டிருந்தது. 7,900 அடியில்தான் வாய் வந்தது. "சார், வி.எஸ்., 7,000 பிடிக்காது." அவர் ஒரு வார்த்தை பேசாமல் குமிழை அழுத்தினார். இறக்கம் தணிந்தது, 7,000-இல் விமானம் நின்றது. கீழே அந்த விமானம் கடந்து போனது. பயணிகள் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு விமானங்களும் நெருங்கியிருந்தால் எச்சரிக்கும் கருவி உண்டு, கட்டுப்பாட்டறையும் பார்த்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அதையெல்லாம் நம்பி உட்காரவா என்னை அங்கே வைத்திருக்கிறார்கள்?

இறங்கி, எஞ்சினை அணைத்து, பயணிகள் போன பிறகு அவர் கேட்டார்: "தம்பி, நீ எப்பப் பார்த்த?" பொய் சொல்ல முடியவில்லை. "எட்டாயிரத்து நானூறில், சார்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஐநூறு அடி எனக்குக் கடன் வச்சிருக்க" என்றார். நடந்ததை இரண்டு பேரும் சேர்ந்தே எழுத்தில் கொடுத்தோம்.

பார்த்துக்கொண்டே இருப்பது ஓட்டுவதைவிடக் கடினம். 1948-இலேயே மேக்வொர்த் என்ற ஆங்கிலேயர் ஒரு கடிகார முள்ளைப் பார்க்க வைத்துச் சோதித்தார். எப்போதாவது முள் இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரத்திலேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்தார்கள். எங்களுக்குச் சில நாள் ஒரே பயணத்தில் இரண்டரை மணி நேரம், அதுவும் இரவில்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். சம்பளத்தைக் கேட்பவர்கள் இந்த இருக்கைக்கு வர என்ன ஆனது என்று கேட்பதில்லை. உரிமம் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும். என் பயிற்சிப் பள்ளி முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டது. அப்புறம் விமானம் பழுது, பயிற்றுநர் இல்லை, பெட்ரோல் வரவில்லை என்று ஒன்றரை வருடத்தில் முடிய வேண்டியதை மூன்றரை வருடம் இழுத்தது. அப்பா விற்ற வயலுக்கு இப்போது வேறு யாரோ வேலி போட்டிருக்கிறார்கள். பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பறந்த மணிக்கு மட்டும் பணம் வாங்கும் இடமாகத் தேடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் போதாதா என்று கேட்டீர்கள். போன மாதம் என்னோடு வந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் பெண்ணுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம். இறங்கும்போது அவள் சட்டென்று, "சார், வி.எஸ்.!" என்றாள். நான் தெரிந்தேதான் வி.எஸ். போட்டிருந்தேன், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிழை என்னுடையது. இறங்கியபின் அவள், "தப்பா சொல்லிட்டேன், சாரி சார்" என்றாள். எத்தனை விநாடியில் சொன்னாள் என்று கேட்டேன். "பார்த்த உடனே, சார்." அன்று திரும்பும் பயணத்தை அவள் ஓட்டினாள். நான் கண்காணித்தேன்.