சோடியம் குறைந்த உப்பு: பின்பக்கத்தில் படிக்காமல் விட்ட வரி

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன மாதம் சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்டில் கிரியாட்டினின் 1.8 என்று வந்தது. அவருடைய அண்ணன் டயாலிசிஸில் இருப்பதால் பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் எந்தப் பாக்கெட்டையும் பின்னால் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். 471, 631 என்ற எண்கள் இருந்தால் பன்றிக் கொழுப்பு, புற்றுநோய் வரும் என்று மகள் வீடியோ காட்டினாள். பிஸ்கட், சாஸ் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். இரண்டு மாதமாகச் சோடியம் குறைந்த உப்புதான் சமையலுக்கு. தினம் ஓர் இளநீர் கொடுக்கிறேன். முட்டிவலிக்கு மட்டும் அவராக மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இன்னும் எந்தெந்த எண்களைத் தவிர்க்க வேண்டும் என்று பட்டியல் தருவீர்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

மருத்துவர் பதில்:

பட்டியல் தருகிறேன். அதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் அந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து வாருங்கள். பின்னால் ‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பொட்டாசியம் குளோரைடு’ என்று இருக்கும், அல்லது 508 என்ற எண் இருக்கும். இருந்தால், அந்த உப்பு உங்கள் வீட்டுக்காரர் தட்டுக்கு இனி வரக் கூடாது. இன்று ராத்திரிச் சமையலுக்கே சாதாரண அயோடின் உப்புக்கு மாறிவிடுங்கள், அளவை மட்டும் குறையுங்கள்.

இந்த வகை உப்பில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நூற்றுக்கு 30 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் உப்பில் கிட்டத்தட்ட 780 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு இதனால் கெடுதல் இல்லை, பிரஷருக்கு நல்லதும்கூட. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் வீட்டுச் சமையலில் இந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு இது பொருந்தாது என்று அதே வழிகாட்டுதல் சொல்லியும் இருக்கிறது.

58 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.8 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) 43 அளவில் இருக்கிறது என்று கணக்கு. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு. மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை, தேங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். அந்த வேலைக்கு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேண்டும். டெல்மிசார்ட்டான் அந்த ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரை. கூடவே முட்டிவலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எதுவாக இருந்தாலும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, பொட்டாசியத்தை இன்னும் தேங்க வைக்கும். இதற்கு மேல் தினம் ஓர் இளநீர். 100 மில்லி இளநீரில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கும், ஒரு காயில் அரை கிராமைத் தாண்டிவிடும். வெளியேறும் வாசலை மூன்று பக்கமிருந்தும் அடைத்துவிட்டு, உள்ளே மட்டும் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை நீங்கள் சத்துப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அதில் கட்டாயமாகப் போட வேண்டியவை கலோரி, புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம். பொட்டாசியம் அந்தக் கட்டாயத்தில் இல்லை. சோடியம் குறைந்திருக்கிறது என்று கட்டத்தில் பார்த்து நிம்மதியாக வாங்கியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக வந்தது எது என்பது சேர்மானப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

நாளைக் காலையிலேயே ரத்தத்தில் பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். கோபியிலேயே பார்க்கலாம், ஈரோடு, கோவை என்று அலைய வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் செய்தாலும், எடுத்த ரத்தம் வெகுநேரம் கிடந்து லேபுக்குப் போனாலும், பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை. 5.5ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். 6ஐத் தாண்டினால் இ.சி.ஜி., இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேரே போய்விட வேண்டும். சாயங்காலம் கிளினிக் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு. சம்மணமிட்டு உட்கார்ந்தவர் எழ முடியவில்லை, மாடிப்படி ஏறக் கால் வரவில்லை, தொடை கனத்துத் தளர்ந்துவிட்டது, நாடி மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ அடிக்கிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது. இதில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். போனவுடன் ‘சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறது, பொட்டாசியம் உப்பு சாப்பிட்டார்’ என்று சொல்லிவிடுங்கள், முதலில் இ.சி.ஜி. எடுப்பார்கள். பலருக்கு இந்த அறிகுறி எதுவும் வராமலேயே பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது அதனால்தான்.

டெல்மிசார்ட்டானை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே அந்த மாத்திரைதான். குறைப்பதா, தொடர்வதா என்று ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார், மெட்ஃபார்மின் அளவையும் அப்போதே பார்த்துக்கொள்வார். நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை. சீட்டு இல்லாமல் வலி மாத்திரை விற்பதும், கேட்டு வாங்கிப் போடுவதும் நம் பக்கம் சர்வசாதாரணமாகிவிட்டது. கிரியாட்டினின் 1.8 உள்ளவருக்கு அது விஷப் பரீட்சை. முட்டிவலிக்குப் பாரசிட்டமால், தைலம், தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு என்று வழிகள் இருக்கின்றன. இளநீரும் ரிப்போர்ட் வரும்வரை வேண்டாம்.

இனி அந்த எண்கள். அவற்றுக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஐ.என்.எஸ். எண் என்பது அனுமதிக்கப்பட்ட சேர்க்கைப் பொருளுக்கு உலக அளவில் கொடுத்திருக்கும் வரிசை எண், அவ்வளவுதான். 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பதே. 322 லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து. 500 என்பது நீங்கள் அடுப்படியில் வைத்திருக்கும் சமையல் சோடா. 471ம் 631ம் தாவரத்திலிருந்தும் எடுக்கலாம், விலங்கிலிருந்தும் எடுக்கலாம். பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால், சேர்க்கைப் பொருள் உட்பட எதுவும் அசைவமாக இருக்கக் கூடாது என்பது சட்டம். அசைவமானால் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் பன்றிக் கொழுப்புக் கதையைப் பச்சை வட்டம் உள்ள பிஸ்கட்டின் மேல் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த வீடியோ எடுத்தவருக்கு உங்கள் வீட்டுக்காரரின் கிரியாட்டினின் தெரியாது.

சிறுநீரகம் தளர்ந்தவர் கவனிக்க வேண்டிய எண்கள் சில உண்டு, நீங்கள் கேட்ட பட்டியல் இதுதான். 508: பொட்டாசியம் குளோரைடு, உப்பில் மட்டுமல்ல, சில மசாலாவிலும் சூப் பொடியிலும் வரும். 338 முதல் 341 வரை, 450, 451, 452: இவை பாஸ்பேட்டுகள். கோலா பானம், பதப்படுத்திய சீஸ், உறைந்த கோழி வகைகள், உடனடி நூடுல்ஸ், பேக்கிங் பவுடர் சேர்ந்த கேக் ஆகியவற்றில் தேடிப் பாருங்கள். பருப்பிலும் பாலிலும் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸில் ஒரு பங்குதான் உடலில் சேரும், சேர்த்துப் போட்ட பாஸ்பேட் ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடும். அதற்கும் லேபிளில் மில்லிகிராம் கணக்கு கட்டாயம் இல்லை. 202 பொட்டாசியம் சார்பேட் என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது பூஞ்சை பிடிக்காமலிருக்கத் துளியளவு சேர்ப்பது.

பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டது பரவாயில்லை, ஆனால் காரணம் வேறாக இருந்திருக்க வேண்டும். பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது, சத்துப் பட்டியல் கட்டத்தின் தலைப்பு: கணக்கு 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா? பரிமாறல் என்று இரண்டு பிஸ்கட்டைப் போட்டிருப்பார்கள். டீயோடு இரண்டோடு நிறுத்துகிறவர் எத்தனை பேர்? 100 கிராம் கணக்கை எடுத்துக்கொண்டு, உண்மையில் தின்பதை வைத்துப் பெருக்குங்கள். ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சோடியம் 1,100 மில்லிகிராம் என்று போட்டிருந்து, பாக்கெட் 70 கிராம் என்றால் 770 மில்லிகிராம். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு: கிட்டத்தட்ட 1.9 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராம் சோடியம், 5 கிராம் உப்பு என்பது வரம்பு. ஒரு வேளைச் சிற்றுண்டியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் சோடியம் குறைவு என்று பாக்கெட்டில் சொல்லிக்கொள்ள விதி இடம் தருகிறது. 600க்கு மேலிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் இருக்கும். ‘ராகி பிஸ்கட்’ என்று முன்னால் பெரிதாகப் போட்டு, பின்னால் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கி, நாலாவதாக ராகி மாவு வந்தால், நீங்கள் வாங்கியது மைதா பிஸ்கட். முன்னால் பெருமையாகச் சொன்ன பொருள் எத்தனை சதவீதம் என்பதும் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். நாட்டுச் சர்க்கரை என்று போட்டிருந்தால் ரத்தச் சர்க்கரை ஏறாது என்று நம்பாதீர்கள். கவுந்தப்பாடிச் சந்தையில் நல்ல சரக்காக வாங்கினாலும் அது சர்க்கரைதான். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்பதில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். அது சர்க்கரைக் கணக்கில் வராமல் மாவுச்சத்தில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் குளுக்கோஸை விறுவிறுவென ஏற்றிவிடும்.

சாஸ் பாட்டிலைத் தூக்கிப் போட்ட வீட்டில் பேக்கரிப் பண்டம் வருகிறதா என்று கடிதத்தில் இல்லை. நம் ஊர்களில் மூலைக்கு ஒரு பேக்கரி. பப்ஸ், தேங்காய் பன், மிக்சர் எதிலும் படிக்க லேபிள் இல்லை. தள்ளுவண்டிக் காளானில் எத்தனை கரண்டி சோயா சாஸ் போகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அப்பளம், ஊறுகாய், உப்பில் போட்ட மோர்மிளகாய் இந்த மூன்றும் வீட்டிலேயே சோடியத்தைக் கொண்டுவருகின்றன. பாக்கெட்டில் எண் தேடுகிற நேரத்தில் பாதியை இவற்றின் அளவைக் குறைப்பதற்குச் செலவிட்டால் பிரஷர் மருந்தே நன்றாகக் கேட்கும். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அப்பளம் இல்லாமல் இறங்காது என்றால், பொரிப்பதைவிடச் சுட்டு, நாலு நாளைக்கு ஒன்று.

இந்துப்பு, கல்லுப்பு பற்றி அடுத்த கடிதம் வருமுன் சொல்லிவிடுகிறேன்: இரண்டும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், மருந்து அல்ல. இந்துப்பில் அயோடின் சேர்க்காததும் வரும், வாங்கும்போது பாருங்கள்.

அண்ணனுக்கு வந்ததே உங்கள் வீட்டுக்காரருக்கும் வரும் என்ற பயம்தான் இந்த லேபிள் வேட்டைக்குக் காரணம் என்று தெரிகிறது. குடும்பத்தில் சிறுநீரகக் கோளாறு இருப்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் அவரைக் காப்பவை வேறு: பிரஷர் 130/80க்குள், மூன்று மாதச் சர்க்கரை உங்கள் மருத்துவர் வைத்த இலக்கில், வலி மாத்திரை அறவே இல்லாமை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்ற டெஸ்ட். இந்தக் கடைசி டெஸ்ட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நாளை ரத்தம் கொடுக்கும்போதே அல்புமின்–கிரியாட்டினின் விகிதத்துக்குச் சிறுநீரும் கொடுங்கள். அதைப் பார்த்துத்தான் சிறுநீரகத்துக்கென்றே கொடுக்கும் புதிய மாத்திரைகள் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

உப்பு அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன், எண் தேடும் வேலை இல்லாதது. புதிதாகப் பிரிக்கும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டின் மேல் தேதியைப் பேனாவால் எழுதுங்கள். வீட்டில் மூன்று பேர் என்றால் ஆளுக்கு 5 கிராம், மாதத்துக்கு 450 கிராம். அந்தப் பாக்கெட் இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், கடைப் பண்டம் தனிக்கணக்கு என்பதால் இரண்டரை மாதம் வந்தால்தான் சரி. ஒரு மாதத்தில் தீர்ந்துபோனால், மறுபாக்கெட் பிரிக்கும்போது சாம்பாருக்குப் போடும் கரண்டியைச் சின்னதாக மாற்றுங்கள்.