‘புட் ஆஃப்’: எங்கே தடுக்கிறது?

கேள்வி: ஆன்லைனில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘புட் ஆஃப்’ வந்தாலே குழம்புகிறார்கள். எப்படி விளக்குவது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் ‘தள்ளிப்போடுவது’ என்ற பொருளை மட்டும் நடத்துங்கள். மழையால் சுண்ணாம்பாறு படகுச் சவாரி ஞாயிறுக்குத் தள்ளிப்போனால், ‘வீ புட் ஆஃப் த போட் ட்ரிப் டில் சண்டே.’ அடியோடு ரத்தானால் அது ‘கால் ஆஃப்’. இந்த இரண்டையும் ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தே நடத்த வேண்டும்.

அதிகம் தவறுவது சொல் வரிசையில்தான். பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் நடுவில் மட்டுமே வரும்: ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘இங்’ வடிவம்: ‘ஷீ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்.’ இங்கே ‘டு கோ’ கூடாது. நம் பிள்ளைகளும் இதில் சறுக்குவார்கள்.

சீன மொழியில் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப வினை உருமாறாது. அதனால் ‘ஹீ புட்ஸ் ஆஃப்’ என்பதில் ‘ஸ்’ விட்டுப்போகும். இறந்தகாலத்திலும் ‘புட்’தான், ‘புட்டட்’ கிடையாது.

அடுத்த வகுப்பில் இரண்டாம் பொருள்: வெறுக்க வைப்பது, ஆர்வத்தைக் கெடுப்பது. ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்.’ ஆள் நடுவில் நிற்பதைக் காட்டுங்கள். விளக்கை அணைக்க ‘புட் ஆஃப்’ வேண்டாம், ‘ஸ்விட்ச் ஆஃப்’ போதும்.